வாசகசாலைக் கணிப்பொறி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

எங்களுக்கு முன் பேசிய பெரியவர் நம்மை இலக்கியக் கடலில் நீராட்டினார். எங்களுக்குப் பின் பேசவிருப்பவரும் அக்கடலுக்கே அழைத்துச் செல்வார் என அறிகிறோம். இடையிலே சபையோர் சற்றுக் கரையேறித் துணி உலர்த்திக்கொள்ளட்டும் என்று எண்ணியோ என்னவோ, செயலாளர் அவர்கள் இந்த நேரத்தை எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார். ‘எங்களுக்கு’ என்று சொல்லுகிறோமே ஒழிய, மேடையில் நிற்பவர் ஒருவர்தாம். வாசகசாலைக் குழுவினர் நால்வர்க்கும் சேர்த்துப் பேசுவதால் அவ்வாறு சொல்லுகிறோம். நால்வரும் இரயில்வே எழுத்தர்கள். நால்வரில் எவரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் அல்லர். ஆகவே, இவ்வுரையில் பொறியியல் நுட்பம் எதையும் எதிர்பார்த்தல் வேண்டா. ஒரு பழைய பெட்டியைத் திறந்து பார்த்து, செய்யத் தகுந்ததையும் செய்யத் தகாததையும் செய்து, பட்டு அறிந்தவர்களுடைய வாக்குமூலம் என்று கொள்ளுங்கள்.

நம் வாசகசாலையின் மூலையில், விரிப்புப் போர்த்து வைத்திருக்கும் கணிப்பொறியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அது 2010-ஆம் ஆண்டு நம் காலனிக் குடும்பங்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்த பணத்தால் வாங்கப்பெற்றது. அந்நாளில் அதற்கு மாலை சூட்டிக் கற்பூரம் காட்டியதும் பலருக்கு நினைவிருக்கும். சென்ற ஆண்டுப் பொதுக்குழுவிலோ அதே பெட்டிக்கு ஈமக்கடன் செய்வதைப்பற்றிப் பேச்சு நடந்தது. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தி வரலாம். அப்போதுதான் திரை விழித்துக்கொள்ளும். இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், ‘பாதுகாப்பு இல்லை’ என்று முகத்திலடித்தாற்போல் மறுக்கும். இடி விழுந்த ஒரு மழைக்காலத்தில் இணையக் கம்பி செருகும் துளையும் கெட்டுப்போயிற்று. பிள்ளைகள் அதன் பக்கமே வருவதை விட்டுவிட்டார்கள்.

பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்கலாம் என்று அன்பர் சிலர் உரைத்தனர். விலை விசாரித்ததில் 38,000 ரூபாய் என்று தெரியவந்தது. சங்கத்தின் கையிருப்பில் அதற்குப் பணம் இல்லாமலில்லை. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியைக்கு மாதந்தோறும் அளிக்கும் சன்மானத்துக்காக ஒதுக்கிய பணம். கணிப்பொறி வாங்கினால் ஓராண்டுக்கு வகுப்பு இல்லை. வங்காளத்திலே பிறந்து, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் வங்காளியும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தவிரத் தமிழெழுத்தைக் காணும் இடம் வேறு ஏது? அன்று எழுந்த விவாதம் சற்றுச் சூடாகவே இருந்தது. முடிவில், 6,000 ரூபாய்க்கு மேற்படாமல் பழைய பொறியையே செப்பனிட்டுப் பார்ப்பது என்றும், அப்பொறுப்பை வாசகசாலைக் குழு ஏற்பது என்றும் தீர்மானமாயிற்று. தீர்மானத்தை முன்மொழிந்தவர்களும் நாங்களே. வாய்க்கொழுப்பு எனினும் பொருந்தும்.

நிற்க. பழையதை இடித்துவிட்டுப் புதியது கட்டுவதே முன்னேற்றம் என்று எண்ணுவோர் நம் கரக்பூர் நிலையத்தின் நடைமேடையை நினைத்துப் பார்க்கலாம். அது ஒரே நாளில் அத்தனை நீளமாய்ப் பிறந்ததன்று. நீட்டி நீட்டி 1072 மீட்டர் ஆக்கினார்கள். 2013-இல் கோரக்பூரும், 2023-இல் ஹூப்ளியும் அதை விஞ்சும்வரை உலகத்திலேயே நீளமானது என்று பொது அறிவுப் புத்தகங்களில் நம் ஊர்ப் பெயர்தான் அச்சாகி வந்தது.

கணிப்பொறியும் நீட்டிக்கொள்ளத் தக்கதாகவே பிறந்தது. 1981-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘பர்சனல் கம்ப்யூட்டர்’ பெட்டிக்குள் ஐந்து நீண்ட செருகுவாய்களை வைத்தார்கள். ‘ஸ்லாட்’ என்று நாம் சொல்வது அவற்றைத்தான். பெட்டியோடு வந்த நினைவகம் குறைந்த அளவு 16 கிலோபைட்டே. இன்று தமிழில் மூன்று பக்கக் கடிதம் ஒன்றை எழுதிச் சேமித்தாலே அது நிரம்பிவிடும். ஆயினும் அந்த ஐந்து வாய்கள் இருந்தன. படம் வேண்டுவோர் அதற்கான அட்டையையும், நினைவகம் வேண்டுவோர் அதற்கான அட்டையையும் வாங்கிச் செருகிக்கொண்டனர். செருகுவாயின் அமைப்பை ஐ.பி.எம். மறைத்து வைக்காமல் புத்தகமாகவே அச்சிட்டு விற்றது. அதனால் சிறு நிறுவனங்கள் பலவும் அட்டைகள் செய்து பிழைத்தன. பின்னர் 1992-இல் ‘பி.சி.ஐ.’ என்னும் செருகுவாயும், 2003-இல் ‘பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்’ என்னும் வேகமான செருகுவாயும் வந்தன. நம் வாசகசாலைப் பெட்டி இரண்டுக்கும் இடைக்காலத்தது. பழைய வாய் இரண்டும், புதிய வகையில் நீளமானது ஒன்றும் குட்டையானது ஒன்றும் அதனுள் இருந்தன. பதினைந்து ஆண்டுகளாக நான்கும் வெறுமையாகவே கிடந்தன என்பதைப் பெட்டியைத் திறந்த அன்றுதான் அறிந்தோம்.

திறந்த அன்று வேறு சிலவும் அறிந்தோம். தூசு ஒரு கம்பளிப் போர்வையாகப் படிந்திருந்தது. உள்ளே ஒரு பல்லியின் எலும்புக்கூடும் இருந்தது. பெயிண்டு பிரஷ் கொண்டு துடைத்த பின், மதர்போர்டின் மேல் நாணயம்போல் ஒரு சிறிய மின்கலம் தெரிந்தது. அஃது உயிரற்றுப் போய் எத்தனை காலமாயிற்றோ! அந்த மின்கலம் இறந்தால், மின்சாரம் நின்ற ஒவ்வொரு முறையும் பொறியின் கடிகாரம் பிறந்த நாளுக்கே திரும்பிவிடுகிறது. பொறி, இன்று 2010 சனவரி என்று நம்பிக்கொண்டு இணையத்துக்குப் போகிறது. அங்குள்ள பாதுகாப்புச் சான்றுகள் எல்லாம் அதற்குப் பிற்பட்ட தேதியிட்டவை. ஆகவே, ‘பாதுகாப்பு இல்லை’ என்று மறுத்துவிடுகிறது. 40 ரூபாய் மின்கலம் ஒன்று மாற்றியதும் பாதி மறுப்புகள் ஒழிந்தன. பொதுக்குழுவில் இதன் பொருட்டு எத்தனை சூடான வார்த்தைகள்!

இனி, நினைவகத்தைப்பற்றிச் சொல்லுவோம். ‘ராம்’ என்று கடைவீதியில் வழங்குவது இதுவே. இரயில்வே அலுவலகத்தில் பணி செய்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஆவண அறையிலே கட்டுக்கட்டாகப் பழைய பேரேடுகள் கிடக்கின்றன. அது ஹார்டு டிஸ்க். எழுத்தருடைய மேசை இருக்கிறது. அது நினைவகம். வேலை நடப்பது மேசையில்தான். மேசை சிறியதாயின், ஒரு பேரேட்டை எடுத்துவர மற்றொன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வரவேண்டும். எழுத்தர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் பாதி நாள் நடையிலேயே கழியும். நம் பொறியின் மேசை 2 ஜி.பி. 2010-இல் அது போதுமானது. இன்றோ இணைய உலாவியில் நான்கு பக்கங்கள் திறந்தாலே போதாது.

எங்கள் பெட்டி ஏற்கக் கூடியது டி.டி.ஆர்.-3 என்னும் வகை, அதிலும் மொத்தம் 8 ஜி.பி. வரை என்று மதர்போர்டின் பெயரைக்கொண்டு தெரிந்துகொண்டோம். இதற்கு முந்தைய டி.டி.ஆர்.-2 வகைக்கும் கால்கள் 240தான், நீளமும் ஒன்றே. ஆனால் நடுவிலுள்ள வெட்டு சற்றுத் தள்ளியிருக்கும், மின்னழுத்தமும் வேறு. ஒன்று மற்றொன்றின் வாயில் நுழையாது. நுழையாததை அழுத்தி நுழைக்க முயல்பவர் உண்டு. அவர்களை நாங்கள் அறிவோம்.

உள்ளூர்க் கடைகளில் இப்பழைய வகை கிடைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை ஹௌரா வண்டியேறி, 2024-இல் ஹூக்ளி ஆற்றின் அடியிலே ஓடத் தொடங்கிய மெட்ரோவில் ஆற்றைக் கடந்து, கல்கத்தாவின் சாந்தினிச் சௌக்கை அடைந்தோம். (ஆற்றுக்கடியில் போகிறோம் என்று எங்களுள் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டதைச் சொல்லக் கூடாது என்று கட்டளை.) கணிப்பொறியின் எந்த உறுப்பும் அங்கே கிடைக்கும், புதியது, பழையது, பழையதைத் துடைத்துப் புதியதாக்கியது, எல்லாமும். ஒரு கடையில் 4 ஜி.பி. அட்டை ஒன்றை 500 ரூபாய்க்குப் பேசி வாங்கிக்கொண்டு, வெற்றிவீரர்களாய்த் திரும்பினோம். முதலில் ஒன்றைப் போட்டுப் பார்த்து, பின்னர் மற்றொன்று வாங்கலாம் என்பது எங்கள் சிக்கனம்.

மறுநாள் செருகிப் பொத்தானை அழுத்தினோம். திரையில் ஒன்றுமில்லை. உள்ளிருந்து ‘பீ… பீ…’ என்று நீண்ட அழுகுரல் மட்டும் வந்தது. எடுத்துத் துடைத்து மீண்டும் செருகினோம், அதே அழுகை. பழைய அட்டையைப் போட்டால் பொறி நடக்கிறது, புதியதைப் போட்டால் அழுகிறது.

என்ன காரணம் என்று நம் காலனியிலே வளர்ந்து இப்போது பெங்களூரில் பணிபுரியும் ஒரு பெண்ணைத் தொலைபேசியில் கேட்டோம். “மாமா, அந்த அட்டையிலே எத்தனைக் கறுப்புச் சில்லு இருக்கிறது, எண்ணிச் சொல்லுங்கள்” என்றாள். எட்டு. “உங்கள் போர்டுக்குப் பதினாறு இருக்கிற அட்டைதான் வேண்டும், மாமா” என்றாள். 4 ஜி.பி. என்பது 32 கிகாபிட். அதைப் பதினாறு சில்லுகளில் பகிர்ந்தால் ஒன்றுக்கு 2 கிகாபிட். எட்டில் பகிர்ந்தால் ஒன்றுக்கு 4. எங்கள் மதர்போர்டிலுள்ள ஜி-41 என்னும் நிர்வாகச் சில்லு பிறந்த காலத்தில் 2 கிகாபிட்டுக்கு மேற்பட்ட சில்லை அது அறியாது. பாரம் ஒன்றே ஆயினும், எட்டு வண்டியில் ஏற்றினால் அச்சு தாங்காது. பதினாறு வண்டியில் ஏற்றினால் தாங்கும் என்பதுபோல. சரக்கு அலுவலகத்தில் காலம் தள்ளும் எங்களுக்கு இது தோன்றாமற் போயிற்றே! கடைக்காரர் அட்டையைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார். அந்த 500 ரூபாயை நாங்களே பகிர்ந்துகொண்டோம். அடுத்த வாரம் வேறு கடையில், பதினாறு சில்லுகளை விரல் வைத்து எண்ணிப் பார்த்து, இரண்டு அட்டைகள் வாங்கினோம். பொறி அழவில்லை. 8 ஜி.பி. நினைவகம்! 1981-ஆம் ஆண்டுப் பெட்டியின் 16 கிலோபைட்டைப்போல் 5,24,288 மடங்கு. எங்களில் ஒருவர் கணக்கிட்டு வாசகசாலைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் விண்டோஸ்-7 என்ன சொல்லிற்று தெரியுமா? ‘8 ஜி.பி. உண்டு, 3.2 மட்டுமே பயன்படும்’ என்றது. அது 32 பிட்டு விண்டோஸ். முப்பத்திரண்டு இலக்க இரும எண்ணால் 4 ஜி.பி.க்கு மேல் முகவரி இட முடியாது. அந்நான்கிலும் ஒரு பகுதியை மற்ற உறுப்புகள் எடுத்துக்கொள்கின்றன. வீடு எத்தனை கட்டினாலும் தபால்காரரிடம் உள்ள எண்கள் அவ்வளவே. மேலும், விண்டோஸ்-7க்கு நிறுவனத்தாரின் பராமரிப்பு 2020 சனவரியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ்-10க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு இலவசப் பராமரிப்பு முடிந்தது. விண்டோஸ்-11 எங்கள் பெட்டியின் வாசற்படியிலும் கால் வைக்காது. அது கேட்கும் பாதுகாப்புச் சில்லும் எங்களிடம் இல்லை, அது எதிர்பார்க்கும் கட்டளைகள் சில எங்கள் செயலிக்குத் தெரியவும் தெரியாது. எஞ்சிய வழி, 1991-இல் பின்லாந்தில் ஒரு மாணவர் தொடங்கிய லினக்ஸ். அது இலவசம். அதை ஏற்பதென்று முடிவு செய்தோம்.

அதற்குள் அட்டைகளின் வேலையை முடித்துக்கொண்டோம். இடியால் கெட்ட இணையத் துளைக்கு மாற்றாக ஒன்று வேண்டியிருந்தது. சங்கத்தின் பழைய பொருளாளர் வீட்டுப் பரணில், பல்லாண்டுகளுக்கு முன் எறியாமல் வைத்த பெட்டியொன்றில் ஒரு பி.சி.ஐ. இணைய அட்டை அகப்பட்டது. நொடிக்கு 100 மெகாபிட் செல்லக் கூடியது. இன்றைய கணக்கில் மெதுவே. ஆயினும் நம் வாசகசாலைக்கு வரும் இணைப்பே அவ்வளவுதான். பழைய வாய்க்குப் பழைய அட்டை, செலவு சல்லிக் காசும் இல்லை. அந்த வாயின் வழியே நொடிக்கு 133 மெகாபைட் செல்லலாம். அட்டைக்குத் தேவை பன்னிரண்டரையே. குட்டையான எக்ஸ்பிரஸ் வாய்க்கு 700 ரூபாயில் யூ.எஸ்.பி. 3 அட்டை ஒன்று வாங்கினோம். அவ்வட்டையின் முழு வேகத்தை நம் வாய் தாங்காதாயினும், பழைய யூ.எஸ்.பி.யைவிடப் பன்மடங்கு விரைவு. நீளமான வாய்க்குப் படம் காட்டும் கிராபிக்ஸ் அட்டை வாங்கவேண்டும் என்று இளைஞர் அணியினர் மனுவே கொடுத்தார்கள். வாசகசாலையில் தமிழ் தட்டச்சுக்கும் செய்தித்தாளுக்கும் அது வேண்டா. எது வேண்டுமோ அதற்கு வாசகசாலை வேண்டா என்று பதிலளித்தோம். அவர்கள் எங்களோடு இன்னும் பேசுவதில்லை.

பனிக்காலமாதலால் எல்லோரும் கம்பளிச் சட்டை அணிந்திருந்தோம். உலர்ந்த காற்றில் கம்பளி உரசினால் உடம்பில் மின்னேற்றம் தங்கும். அதோடு சில்லைத் தொட்டால் சில்லு மடியும். ஆகவே, ஒவ்வொரு முறையும் பெட்டியின் இரும்புச் சட்டத்தை முதலில் தொட்டு, பிறகே அட்டையைத் தொட்டோம். இவ்வளவு எச்சரிக்கையாய் இருந்தவர்கள் எச்சரிக்கை தவறிய இடத்தையும் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லவே இங்கு நிற்கிறோம்.

யூ.எஸ்.பி. அட்டை வேலை செய்கிறதா என்று பார்க்கப் பொறியை ஓடவிட்டிருந்தோம். பின்பக்கத் துளை தெரியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பி, மேசைமேல் சற்று ஓசையுடன் வைத்தோம். ஹார்டு டிஸ்க்கினுள் தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கின்றன. அவற்றைப் படிக்கும் முனை, தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில் மிதக்கிறது. பதினைந்து ஆண்டு உழைத்த கிழட்டு டிஸ்க் அது. மறு நிமிடமே ‘டிக், டிக்’ என்னும் ஓசை கேட்டது.

அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்பதைச் சபையோர்க்கு நினைவூட்டவேண்டும். நம் தமிழாசிரியர் ஐயா 2012 முதல் 2018 வரை ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குக் கதையும் பாட்டும் சொல்லி நடத்திய வகுப்புகளுள் 61 வகுப்புகளை அந்தப் பொறியிலேதான் ஒலிப்பதிவு செய்திருந்தோம். ஐயா 2019-இல் மறைந்தார். அவர் குரல் வேறெங்கும் இல்லை. படி எடுத்து வைக்கவேண்டும் என்று ஆண்டுதோறும் எண்ணினோம், எடுக்கவில்லை. செப்பனிடத் தொடங்கும்போதாவது முதற்காரியமாய் அதைச் செய்திருக்கவேண்டும். மேசையை அகலமாக்கும் மகிழ்ச்சியில் ஆவண அறையை மறந்தோம். 61 பதிவுகளும் சேர்ந்து 3 ஜி.பி. கூட இல்லை. 300 ரூபாய்ப் பென் டிரைவில் பத்து முறை எழுதலாம்.

உடனே மின்சாரத்தை நிறுத்தினோம். அன்றிரவு நால்வரும் வீட்டில் எவரோடும் பேசவில்லை. மறுநாள் பெங்களூருக்குப் பேசினோம். அந்தப் பெண்ணும் ஐயாவின் மாணவியே. சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “மாமா, அந்த டிஸ்க்குக்கு இனிமேல் சும்மா மின்சாரம் கொடுக்காதீர்கள். ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் குறைந்துகொண்டே வரும். நான் சொல்கிற வரிசைப்படி செய்யுங்கள்” என்றாள்.

அவள் சொன்ன வரிசை இது. பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டி அதில் லினக்ஸை நிறுவவேண்டும். எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் தட்டு இல்லை, எல்லாம் சில்லு. தட்டு டிஸ்க் விரும்பிய இடத்தை அடைய, முனை நகர்வதும் தட்டு சுற்றி வருவதுமாக ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு பதின்மூன்று மில்லிசெகண்டு காத்திருக்கும். நொடிக்கு எண்பது முறைக்குமேல் ஓடிப்போய் எடுத்துவர அதனால் இயலாது. எஸ்.எஸ்.டி.யோ ஆயிரக்கணக்கான முறை எடுத்துவரும். லினக்ஸ் நிறுவி முடித்து முதன்முறை பொறி விழித்தபோது நாற்பது நொடிகூட ஆகவில்லை. வேறொரு நாளாயிருந்தால் கைதட்டியிருப்போம்.

பின்னர், அன்பர் ஒருவரிடம் கடன் வாங்கிய 1 டெராபைட் வெளி டிஸ்க்கைப் புதிய யூ.எஸ்.பி. அட்டையில் செருகி, பழைய டிஸ்க்கை இரண்டாவது டிஸ்க்காக இணைத்து, ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் மென்பொருளை ஓட்டினோம். சாதாரணமாகப் படியெடுத்தால், படிக்க முடியாத இடத்தில் பொறி முட்டிக்கொண்டு நிற்கும்; டிஸ்க் மேலும் கெடும். இந்த மென்பொருள், நல்ல இடங்களை எல்லாம் முதலில் விரைந்து எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு தாண்டிப் போகிறது. பிறகே திரும்பி வந்து அவற்றைச் சிறிது சிறிதாய்ச் சுரண்டி எடுக்கிறது. நடுவில் நின்றாலும் குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்தில் தொடங்கும். வெள்ளத்தில் அகப்பட்ட ஊரில் எளிதாய் ஏறக்கூடியவர்களை முதலில் படகேற்றி, கூரைமேல் இருப்பவர்களுக்குப் பிறகு வருவதுபோல என்று சொல்லலாம். இரண்டு இரவு ஓடிற்று. முறை வைத்துக்கொண்டு விழித்திருந்தோம். ‘டிக்’ ஓசை கேட்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும்.

58 பதிவுகள் முழுமையாய் வந்தன. இரண்டில் இடையிடையே சில நிமிடம் இல்லை. ஒன்று திறக்கவே இல்லை.

மீட்ட கோப்புகளில் மற்றொரு சங்கடமும் இருந்தது. நம் பழைய உறுப்பினர் பட்டியலும் ஆண்டறிக்கைகளும் அந்நாளில் அவரவர் விரும்பிய எழுத்துருவில் தட்டியவை. ஆங்கில எழுத்தின் எண்ணுக்குத் தமிழ் உருவத்தை மாட்டி வைத்த எழுத்துருக்கள் அவை. அவ்வுருவைக் கழற்றினால் உள்ளே வெறும் ஆங்கிலக் குப்பை. லினக்ஸில் திறந்தபோது நம் சங்கத்தின் பதினைந்து ஆண்டு வரலாறும் குப்பையாய்த் தெரிந்தது. பதற வேண்டா, எழுத்து மாற்றி மென்பொருள் இலவசமாய்க் கிடைக்கிறது. தமிழ்நாட்டு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுவிட்டது. நாமும் இவ்வளவு காலம் கழித்தேனும் ஏற்றோம். ஆண்டறிக்கைகளை மாற்றி முடித்துவிட்டோம்; பட்டியல் பாதியில் இருக்கிறது. 1999-இல் அரசு ஏற்ற தமிழ்-99 விசைப்பலகை லினக்ஸிலேயே அமைந்திருக்கிறது. தமிழ் வகுப்பின் சிறுவர் இருவர் எங்களைவிட விரைவாகத் தட்டுகிறார்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம், பொருளாளர் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நினைவக அட்டை இரண்டுக்கு 1,100, எஸ்.எஸ்.டி.க்கு 1,700, யூ.எஸ்.பி. அட்டைக்கு 700, மின்கலம் 40, இணைப்புக் கம்பி 90, செயலியின் தலையில் பூசும் பசை 120. ஆக, 3,750 ரூபாய். பென் டிரைவ் இரண்டுக்கு 600 ரூபாய் தனி. அனுமதித்த 6,000-இல் எஞ்சிய 1,650 ரூபாயைத் திருப்பிச் செலுத்தி இரசீதும் பெற்றுவிட்டோம். தமிழ் வகுப்பு ஒரு ஞாயிறும் நிற்கவில்லை.

பென் டிரைவ் ஒன்று சங்கத்தின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. மற்றொன்றை ஐயாவின் துணைவியார் அவர்களிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அம்மையார் இதோ இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். நடந்ததை ஒளிக்காமல் அவர்களிடம் சொன்னோம். அம்மையார் கேட்டது ஒன்றே ஒன்று: “எந்த நாள் பதிவு வரவில்லை?”

அது 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து ஞாயிறு ஒன்றின் வகுப்பு. தேதி கோப்பின் பெயரில் அரைகுறையாய்த்தான் மிஞ்சியிருக்கிறது. அன்று வகுப்பில் பெற்றோர் சிலரும் அமர்ந்திருந்ததாகவும், ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்ததாகவும் அம்மையார்க்கு நினைவு. அந்தப் பெற்றோர் இச்சபையில் இருக்கலாம். அல்லது மாற்றலாகிப் பிலாஸ்பூருக்கோ சக்ரதர்பூருக்கோ போயிருக்கலாம். பழைய கைப்பேசிகளை வீட்டில் யாரும் எறிவதில்லை. மேசை இழுப்பறையில், பேட்டரி வீங்கிக் கிடக்கும். அதைச் சார்ஜில் போடவேண்டா. உள்ளிருக்கும் மெமரி கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஞாயிறு காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை நாங்கள் வாசகசாலையில் இருப்போம். கார்டு செருகும் கருவியும் வாங்கி வைத்திருக்கிறோம். அது சங்கத்தின் கணக்கில் இல்லை.